கிளஸ்டர் கோப்பு முறைமைக்கு எந்த நெட்வேர்க்: ஒற்றைக் கேபிளா, நேர்க் கேபிளா, இரட்டைச் சுவிட்சா?

இரண்டு மூன்று சேர்வர்களைக் கிளஸ்டராகச் சேர்த்து, அவை ஒரே டிஸ்கில் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கிவிட்டால், அவற்றுக்கிடையே ஓடும் கேபிளின் வேலையே மாறிவிடும். தரவைக் கொண்டுபோவது மட்டுமல்ல, யார் உயிரோடு இருக்கிறார் என்று தீர்மானிப்பதும் அந்தக் கேபிள்தான். லினக்ஸில் இதற்கென உள்ள கோப்பு முறைமை ஓசிஎஃப்எஸ்2 ஆனாலும் ஜிஎஃப்எஸ்2 ஆனாலும், ஒரு நோட் (கிளஸ்டரில் உள்ள ஒரு சேர்வர்) ஒரு கோப்பில் கை வைக்க முன்னர் மற்ற நோட்களிடம் பூட்டு, அதாவது மற்றவை அதைத் தொடாதிருக்கும் உறுதி, கேட்கிறது. பதில் வராமல் குறித்த நேரம் கடந்துவிட்டால், எதிரில் இருந்த நோட் செத்துவிட்டதா, கேபிள் கழன்றுவிட்டதா என்று கேட்டவருக்குத் தெரியாது. தெரியாத நிலையில் இரண்டு பக்கமும் எழுதினால் டிஸ்க் பாழாகும். ஆகவே ஒரு பக்கத்தை வலுக்கட்டாயமாக நிறுத்துகிறார்கள். இதற்குப் பெயர் ஃபென்சிங்.

அதனால் இணைப்பைத் தெரிவுசெய்யும்போது வேகத்தில் இருந்து தொடங்கக் கூடாது. பூட்டுச் செய்திகள் மிகச் சிறியவை. 1 கிகாபிட் போர்ட்டே தாராளம். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பாதையில் ஒரு துண்டு பழுதானால் எத்தனை செக்கன் மௌனம் வரும்? கிளஸ்டர் எத்தனை செக்கன் மௌனத்தைப் பொறுக்கும்? முதலாவது சிறியதென்றால் அலுவலகத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. பெரியதென்றால் நல்ல சேர்வர் ஒன்று வேலை நேரத்தில் ரீபூட் ஆகும்.

பொறுக்கும் நேரம்

ஓசிஎஃப்எஸ்2 தன் சொந்தக் கிளஸ்டர் அடுக்கான ஓ2சிபியில் ஓடும்போது இரண்டு துடிப்புகளை, அதாவது உயிரோடு இருக்கிறேன் என்ற செய்திகளை, பார்க்கிறது. டிஸ்க் துடிப்பு: ஒவ்வொரு நோடும் 2 செக்கனுக்கு ஒருமுறை டிஸ்கில் தனக்குரிய இடத்தில் எழுதும். வரம்பு வழமையாக 31. அதில் ஒன்றைக் கழித்து இரண்டால் பெருக்கினால் 60 செக்கன். நெட்வேர்க் துடிப்பு: டிசிபி 7777ஆம் போர்ட்டில் 30,000 மில்லிசெக்கன் சத்தமே இல்லாவிட்டால் இணைப்பு அறுந்ததாகக் கொள்ளும். 2,000 மில்லிசெக்கனுக்கு ஒரு கீப்அலைவ் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி), அறுந்தால் 2,000 மில்லிசெக்கன் கழித்து மறு இணைப்பு. இந்த நான்கு எண்களும் எல்லா நோட்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றினால் அந்த நோட்டை மற்றவை சேர்த்துக்கொள்ளா.

ஜிஎஃப்எஸ்2, எந்த நோட் உயிரோடு என்று பார்க்கும் கோரோசிங்க் என்ற மென்பொருளின் மேல் நிற்கிறது. கோரோசிங்க் 3.1 முதல் டோக்கன் நேரம், அதாவது அது பொறுக்கும் மௌனம், வழமையாக 3,000 மில்லிசெக்கன். பழைய பதிப்புகளில் 1,000தான். இரண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நோட்டுக்கும் 650 மில்லிசெக்கன் கூடும். மூன்று நோட் என்றால் 3.65 செக்கன்.

ஓ2சிபிக்கு அரை நிமிடம், கோரோசிங்குக்கு மூன்று நான்கு செக்கன். கீழே வரும் ஒவ்வொரு தெரிவையும் இந்த இரண்டு அளவுகோலிலும் வைத்துப் பாருங்கள்.

ஒற்றைச் சுவிட்ச், ஒற்றைக் கேபிள்

இதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சுவிட்ச் நின்றால் எல்லா நோட்களும் ஒன்றையொன்று இழக்கும். ஓ2சிபியில் மூன்று நோட் இருந்தால் எவருக்கும் பெரும்பான்மை இல்லை, மூன்றும் விழும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நேர்க் கேபிள்

இரண்டே நோட் என்றால் இடையில் சுவிட்ச் எதற்கு, ஒரு கேபிளை நேரே செருகிவிடலாமே என்று பலரும் நினைப்பார்கள். 1 கிகாபிட் போர்ட்கள் தாமே சரிபார்த்துக்கொள்ளும். குறுக்குக் கேபிள்கூடத் தேவையில்லை. பழுதாவதற்குச் சுவிட்ச் இல்லை என்பது உண்மை. ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

சுவிட்ச் இருந்தால், எதிர் நோட் அணைந்தாலும் இந்த நோட்டின் போர்ட் லைட் எரிந்துகொண்டிருக்கும். தன் பக்கம் நல்லது என்று அதற்குத் தெரியும். நேர்க் கேபிளில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருண்டுவிடும். யாருடைய கார்ட் போனது என்று எவருக்கும் தெரியாது. ஓ2சிபி இரண்டு நோட்டில் இதைத் தீர்க்கும் முறை எளியது: இலக்கம் குறைந்த நோட் பிழைக்கும், மற்றது தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். 0ஆம் நோட்டின் கார்ட் எரிந்துபோய் 1ஆம் நோட் முழு நலத்தோடு இருந்தாலும், விழுவது 1ஆம் நோட்தான். அது எழும்பி வந்து பகிர்ந்த டிஸ்கைத் திரும்ப மவுண்ட் செய்யப் பார்க்கும். 0ஆம் நோட்டோடு பேச முடியாததால் ‘டிரான்ஸ்போர்ட் எண்ட்பொயின்ட் இஸ் நொட் கனெக்டட்’ என்ற வரியைக் காட்டி நின்றுவிடும். டிஸ்கில் பிழை என்று அப்போது தேடத் தொடங்குபவர்கள் பல மணித்தியாலங்களை வீணாக்குவார்கள். அந்த வரி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது நெட்வேர்க்கும் ஃபயர்வோலும்தான்.

ராக் என்ற ஆரக்கிள் தரவுத்தளக் கிளஸ்டருக்கும் நேர்க் கேபிளை ஆரக்கிள் ஏற்பதில்லை. மூன்றாவது நோட் சேர்க்கவும் வழியில்லை. நேர்க் கேபிள் நன்றாகப் பொருந்தும் ஓரிடம் இருக்கிறது: பகிர்ந்த ஸ்ரோரேஜ் வாங்காமல் இரண்டு சேர்வர்களின் டிஸ்கையும் டிஆர்பிடி என்ற மென்பொருள் மூலம் பிரதி செய்பவர்கள், பிரதிப் போக்குவரத்தை மட்டும் நேர்க் கேபிளில் விடலாம். பூட்டும் துடிப்பும் அப்போதும் சுவிட்ச் வழியேதான் போக வேண்டும்.

இரண்டு சுவிட்ச், அக்டிவ்-பக்கப் பொண்டிங்

யாழ்ப்பாணத்தில் இரண்டு மூன்று நோட் வைத்து நடத்தும் பத்திரிகை அலுவலகமோ, ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் தனியார் மருத்துவமனையோ, கல்லூரி ஆய்வுகூடமோ, எவருக்கும் நாம் முதலில் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு போர்ட். ஒன்று முதலாம் சுவிட்சுக்கு, மற்றது இரண்டாம் சுவிட்சுக்கு. இரண்டு போர்ட்டையும் ஒரே இணைப்பாகக் காட்டும் லினக்ஸ் பொண்டிங்கில் மோட் 1, அதாவது அக்டிவ்-பக்கப். ஒரு நேரத்தில் ஒரு போர்ட்தான் வேலை செய்யும். போர்ட்டில் லிங்க் இருக்கிறதா என்று பார்க்கும் எம்ஐஐ கண்காணிப்பை 100 மில்லிசெக்கனில் வைத்தால், கேபிள் கழன்று ஒரு செக்கனுக்குள் மற்றப் போர்ட்டுக்கு மாறிவிடும். கோரோசிங்கின் மூன்று செக்கனுக்கும் இது போதும்.

ஓசிஎஃப்எஸ்2க்கு இது ஒரு தெரிவுகூட அல்ல, ஏறக்குறையக் கட்டாயம். அதன் கிளஸ்டர் கோப்பில் ஒரு நோட்டுக்கு ஒரு ஐபி முகவரிதான் எழுதலாம். இரண்டாவது பாதையை அந்த ஒரு முகவரிக்குக் கீழேதான் ஒளிக்க வேண்டும். அதைச் செய்வது பொண்டிங்.

நன்றாகச் செய்ய நாலு விடயம் கவனிக்க வேண்டும். முதலாவது, இரண்டு போர்ட்டும் ஒரே கார்ட்டில் இருக்கக் கூடாது. நான்கு போர்ட் கார்ட் ஒன்றில் இரண்டை எடுத்துப் பொண்ட் செய்தால் அந்தக் கார்ட் போகும்போது இரண்டும் போகும். ஒன்றை மதர்போர்ட்டில் இருந்தும் மற்றதைத் தனிக் கார்ட்டில் இருந்தும் எடுங்கள்.

இரண்டாவது, பிரைமரி, அதாவது இரண்டும் நலமாக இருக்கும்போது பொண்ட் முதலில் எடுக்கும் போர்ட். முதலாம் சுவிட்சில் இருக்கும் போர்ட்டை எல்லா நோட்களிலும் பிரைமரி என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு நோட் முதலாம் சுவிட்சிலும் இன்னொன்று இரண்டாம் சுவிட்சிலும் வேலை செய்துகொண்டிருக்கலாம். அப்போது அவற்றின் பேச்சு முழுவதும் இரண்டு சுவிட்சுகளையும் இணைக்கும் கேபிள் வழியே போகும். அந்தக் கேபிள் கழன்றால் ஒவ்வொரு நோட்டின் போர்ட் லைட்டும் பச்சையாகவே எரியும். எம்ஐஐ கண்காணிப்புக்குத் தன் போர்ட்டில் இருந்து சுவிட்ச் வரைக்கும்தான் கண் தெரியும். பொண்ட் மாறாது, பேச்சு மட்டும் நின்றுவிடும். பொண்டிங் போட்ட கிளஸ்டரில் நாம் மிகவும் அஞ்சுவது இந்தப் பழுதுக்குத்தான், ஏனென்றால் எந்த லைட்டும் அதைக் காட்டாது. எல்லோரையும் ஒரே சுவிட்சில் கூட்டிவைத்தால் இடைக் கேபிளை நம்ப வேண்டிய நேரம் மிகக் குறைந்துவிடும். இடைக் கேபிளையும் ஒன்றுக்கு இரண்டாகப் போடுங்கள்.

மூன்றாவது, திரும்பி வரும் நேரம். சுவிட்ச் அணையும்போது வராத ஃபென்சிங் அது திரும்ப எழும்பும்போது வரும். சுவிட்ச் பூட் ஆகும்போது போர்ட் லைட் எரிந்துவிடும், ஆனால் வலையில் சுற்றுப்பாதை வராமல் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் அந்தப் போர்ட் 15 செக்கன் கேட்டு, 15 செக்கன் கற்று, அதன் பிறகுதான் எதையும் கடத்தும். லைட்டைப் பார்த்தவுடன் பொண்ட் பிரைமரிக்குத் தாவினால் 30 செக்கன் இருட்டு. ஓ2சிபியின் பொறுமையும் சரியாக 30 செக்கன். இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள்: நோட் செருகும் போர்ட்களை எல்லாம் சுவிட்சில் எட்ஜ் போர்ட் (அந்தக் காத்திருப்பு இல்லாத போர்ட்) ஆக்குங்கள், பொண்டில் அப்டிலே 60,000 மில்லிசெக்கன் வையுங்கள். போர்ட் ஒரு நிமிடம் விடாமல் உயிரோடு இருந்த பிறகே பொண்ட் அதற்குத் திரும்பும். ஆட்டம் காணும் கேபிளும் இதனால் அடங்கும்.

நான்காவது கேபிள். செப்புக் கேபிளின் நீளத்துக்கு 100 மீற்றர் எல்லை என்பது எல்லோரும் அறிந்ததே. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் செப்புப் பூசிய அலுமினியக் கேபிளை இதற்கு வாங்காதீர்கள்; கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும், கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். முதலில் வேலை செய்யும். போகப் போக முனையில் தொடுகை தளர்ந்து லிங்க் விட்டுவிட்டு வரும்.

எல்ஏசிபி

இரண்டு போர்ட்டையும் ஒன்றாக ஓட்டும் எல்ஏசிபி, அதாவது பொண்டிங்கின் மோட் 4, பார்வைக்குக் கவர்ச்சியானது. 2 கிகாபிட் கிடைக்கும் என்று நினைப்பது தவறு. இரண்டு நோட்களுக்கிடையே ஓ2சிபி வைத்திருப்பது ஒரே டிசிபி இணைப்பு. ஒரு இணைப்பு எப்போதும் ஒரு கேபிளில்தான் போகும். பல பயனர்கள் வந்துபோகும் பொது வலையமைப்பில் எல்ஏசிபி பயன் தரும், பூட்டுப் பாதையில் தராது.

எல்ஏசிபியை இரண்டு சுவிட்சுகளில் பரப்ப, அவை ஸ்ராக் செய்யப்பட்டவையாகவோ எம்லாக் (தனித்தனிச் சுவிட்சுகள் ஒன்றுபோல் நடிக்கும் முறை) தெரிந்தவையாகவோ இருக்க வேண்டும். ஸ்ராக் என்பது இரண்டு உடலும் ஒரு மூளையும். பல ஸ்ராக்களில் ஃபேர்ம்வெயார் ஏற்றும்போது இரண்டு சுவிட்சும் ஒன்றாக ரீபூட் ஆகும். இரண்டு பாதை இருந்தும் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றுமே இல்லாத நிலை. எம்லாக் இதைத் தவிர்க்கும், ஆனால் விலை ஏறும். பழுதானால் அதே மாதிரியைத் திரும்ப எடுப்பிக்க வேண்டும், யாழ்ப்பாணத்தில் அது கையில் கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடக் கூடாது.

மெதுவான எல்ஏசிபி 30 செக்கனுக்கு ஒரு செய்தி அனுப்பி, மூன்று தவறினால்தான், அதாவது 90 செக்கனில்தான், பாதை செத்ததென்று ஒப்புக்கொள்ளும். லைட் எரிந்தபடி பாதை செத்தால் இரண்டு கிளஸ்டருக்கும் இது மிகப் பிந்தியது. வைத்தே ஆகவேண்டும் என்றால் விரைவு வீதத்தில், 1 செக்கனுக்கு ஒன்றாக, வையுங்கள். இன்னொரு பொறி: சேராத இரண்டு சுவிட்சில் மோட் 4 போட்டாலும் பொண்ட் எழும்பிவிடும். ஆனால் பொண்ட் நிலைக் கோப்பைத் திறந்தால் இரண்டு போர்ட்டுக்கும் வெவ்வேறு அக்ரிகேற்றர் (சேர்க்கைக் குழு) இலக்கம் தெரியும். ஒன்றுதான் வேலை செய்கிறது. அதுவும் எந்தச் சுவிட்ச் என்பதை ஒவ்வொரு நோடும் தன் பாட்டில் தெரிவுசெய்திருக்கும்.

கோரோசிங்கின் பல லிங்க்

ஜிஎஃப்எஸ்2 பக்கம் இன்னொரு வழி உண்டு. கோரோசிங்க் 3 குரோனோஸ்நெட் என்ற தன் போக்குவரத்து அடுக்கின் மூலம் 8 லிங்க் வரை தானே கையாளும். பொண்டிங் இல்லாமல் இரண்டு தனி சப்நெட் (முகவரித் தொகுதி), இரண்டு தனிச் சுவிட்ச், இடையில் ஒரு தொடர்பும் வேண்டாம். நோட்டில் இருந்து நோட் வரைக்கும் துடிப்பைப் பார்ப்பதால், மேலே சொன்ன இடைக் கேபிள் குருடு இதில் இல்லை. வடிவமைப்பாகப் பார்த்தால் இது பொண்டிங்கை விடச் சிறந்தது.

ஆனால் பூட்டைக் கொண்டுபோவது கோரோசிங்க் அல்ல, டிஎல்எம் என்ற தனி மென்பொருள். அது டிசிபியில் ஓடும்போது ஒரு நோட்டுக்கு ஒரு முகவரியைத்தான் ஏற்கும். முதல் லிங்க் செத்தால் கோரோசிங்க் இரண்டாவதில் நலமாக இருக்கும், எவரையும் ஃபென்ஸ் செய்யாது. பூட்டு மட்டும் பதில் வராமல் காத்துக்கிடக்கும். எல்லா நோடும் உயிரோடு இருக்க, கோப்பகத்தைத் திறந்தவர் எல்லோருடைய திரையும் உறைந்துபோகும். டிஎல்எம்மை டிசிபியில் இருந்து எஸ்சிடிபி என்ற நெறிமுறைக்கு மாற்றினால் பல முகவரியை ஏற்கும். அந்த மொடியூல் வழமையாக ஏற்றப்படாது, ஃபயர்வோலிலும் தனியாகத் திறக்க வேண்டும். எமது விருப்பம் கலப்பு: முதல் லிங்க் பொண்டின் மேல், டிஎல்எம் அதில் டிசிபியில், இரண்டாவது லிங்க் அலுவலகப் பொது வலையமைப்பில், கோரோசிங்குக்கு மட்டும். டிஎல்எம்மைத் தானாகத் தெரிவுசெய்ய விட்டால் பல லிங்கைக் கண்டு எஸ்சிடிபிக்குப் போகப் பார்க்கும். டிசிபி என்று அதன் கோப்பில் எழுதிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒன்றையும் எண்ணிக்கொள்ளட்டும்: ரெட்ஹாட் தன் லினக்ஸின் 10ஆம் பதிப்பில் ஜிஎஃப்எஸ்2க்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

டிஸ்கின் பாதை

ஸ்ரோரேஜ் ஐஸ்கசி (நெட்வேர்க் வழியே டிஸ்கைத் தரும் முறை) என்றால் அதைப் பொண்டில் ஏற்ற வேண்டாம். இரண்டு போர்ட், இரண்டு சப்நெட், மேலே இரண்டு பாதையையும் ஒரே டிஸ்காகக் காட்டும் மல்டிபாத். அங்கே மாற்ற வேண்டிய எண் ஒன்று: ஐஸ்கசியின் ரீப்ளேஸ்மென்ட் ரைம்அவுட் வழமையாக 120 செக்கன். ஒரு பாதை செத்தால் மல்டிபாத்துக்கு அதைச் சொல்லவே இரண்டு நிமிடம் எடுக்கும். ஓ2சிபியின் டிஸ்க் துடிப்போ 60 செக்கனில் நோட்டை விழுத்திவிடும். அதை 10 அல்லது 15க்குக் குறையுங்கள். ஸ்ரோரேஜ் கன்ட்ரோலர் கைமாற நேரம் எடுக்கும் என்றால் துடிப்பு வரம்பை 61 ஆக்குங்கள், 120 செக்கன் கிடைக்கும்.

பூட்டையும் ஐஸ்கசியையும் ஒரே போர்ட்டில் விட்டால் இரவு பக்கப் (காப்புப் பிரதி) ஓடும்போது பெரிய பொட்டலங்களுக்குப் பின்னால் துடிப்பு வரிசையில் நிற்கும். இரவில் மட்டும் ரீபூட் ஆகும் நோட் இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஜம்போ ஃபிரேம் (9,000 பைட் வரையான பெரிய பொட்டலம்) ஐஸ்கசிக்கு மட்டும் போதும். பிங்கை 8,972 பைட்டில், உடைக்காதே என்ற கட்டளையோடு எல்லாச் சோடிகளிலும் போட்டுப் பாருங்கள்; ஒரு சுவிட்சில் 9,000 வைக்க மறந்தால் சின்னப் பிங் போகும், பெரிய தரவை எழுதுவது தொங்கும்.

மூன்று நோட்டுக்கான கணக்கு: ஒவ்வொரு சுவிட்சிலும் பூட்டுக்கு 3, ஐஸ்கசிக்கு 3, ஸ்ரோரேஜுக்கு 2, இடைக் கேபிளுக்கு 2, மொத்தம் 10 போர்ட். வீலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரித்தல்) தெரிந்த 24 போர்ட் சுவிட்ச் இரண்டு போதும். பொது வலையமைப்புக்கு 3, ஐபிஎம்ஐக்கு (சேர்வரைத் தூரத்தில் இருந்து அணைக்கும் போர்ட்) 3, அவை அலுவலகச் சுவிட்சில்.

மின்சாரம், இடி, கல்நிலம்

யாழ் குடாநாட்டில் நெட்வேர்க் திட்டம் மின்சாரத் திட்டத்தோடு சேர்ந்ததுதான். இரண்டு சுவிட்சையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகினால் இரண்டு சுவிட்ச் வாங்கியதன் பயன் இல்லை. தனித்தனி யூபிஎஸ். மின்தடை நீண்டால் சேர்வர்கள் முதலில் அணைய வேண்டும், சுவிட்சுகள் கடைசியில். மறுதலையாக நடந்தால், பற்றரி முடியும் தறுவாயில் சுவிட்ச் நின்று, இன்னும் ஓடும் நோட்கள் ஒன்றையொன்று வெட்டத் தொடங்கும். மின்சாரம் திரும்பும்போதும் அப்படியே: சுவிட்ச் எழும்புமுன் நோட் எழும்பினால் தனியாக நின்று தவறான முடிவெடுக்கும். கோரோசிங்கில் இரண்டு நோட் அமைப்பைத் தெரிவுசெய்தால் எல்லோரும் வரும்வரை காத்திரு என்ற விதி தானாகச் சேரும், அதை எடுத்துவிடாதீர்கள். மவுண்ட் வரியில் நெட்டெவ் (_netdev) குறிப்பை எழுதுங்கள், அணையும்போது நெட்வேர்க்குக்கு முன்னரே மவுண்ட் கழரும்.

ஜிஎஃப்எஸ்2 வைப்பவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து. ஐபிஎம்ஐ மூலம் ஃபென்ஸ் செய்தால், மின்சாரமே போன நோட்டின் ஐபிஎம்ஐயும் செத்திருக்கும். ஃபென்சிங் வெற்றி என்று பதில் வராதவரை மற்ற நோட்கள் கோப்பு முறைமையைத் திறக்கா. இரண்டு பவர் சப்ளை உள்ள சேர்வர் வாங்கி இரண்டு யூபிஎஸ்ஸில் செருகுங்கள். அல்லது இரண்டாம் படியாக டிஸ்கிலேயே தடுக்கும் ஸ்கசி ரிசர்வேஷன் ஃபென்சிங்கை வையுங்கள். இரண்டு நோட் என்றால் ஒன்றின் ஃபென்சிங்குக்குச் சில செக்கன் தாமதம் கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று ஒரே கணத்தில் அணைத்துவிடும். ஓ2சிபியில் நோட் தன்னைத் தானே ரீசெட் செய்வதால் இந்தச் சாதனம் எதுவும் வேண்டாம். சின்ன இடங்களுக்கு அதை நாம் விரும்பக் காரணம் இதுவே.

சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடிமின்னல் கூடும். குடாநாட்டின் அடி சுண்ணக்கல். பல இடங்களில் எர்த் கம்பி ஆழம் போகுமுன்னரே கல்லில் தட்டும். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒன்றாக இராது. அவற்றுக்கிடையே செப்புக் கேபிள் இழுத்தால் மின்னலின்போது அந்த வேறுபாடு கேபிள் வழியே ஓடி இரண்டு முனையிலும் போர்ட்டை எரிக்கும். கட்டடம் மாறினால் ஃபைபர்தான். ஃபைபரைச் செப்புக்கு மாற்றும் மலிவான மீடியா கன்வேட்டர் வேண்டாம். தூரப் பக்கம் அறுந்தாலும் இந்தப் பக்கம் லைட் எரியவிடுவது அதன் குணம். ஃபைபரை நேரே சுவிட்சில் செருகுங்கள்.

ஒரு நோட்டை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலும் மற்றதைக் கிளிநொச்சியிலும் வைத்தால் இரண்டும் ஒன்றாக விழாதே என்று கேட்பார்கள். ஏ9 வழியே ஏறத்தாழ 65 கிலோமீற்றர். ஃபைபரில் ஒளி போய்வர 0.65 மில்லிசெக்கன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சேவை வழங்குநரின் பாதை கொழும்பைச் சுற்றி வந்தால் அது பல மடங்காகும், ஒவ்வொரு கோப்புப் பூட்டும் அந்தத் தூரத்தை நடக்கும், பாதை வெட்டுப்பட்டால் நடுவர் இல்லை. கிளிநொச்சிக்குப் பிரதியை அனுப்புங்கள், கிளஸ்டரை நீட்ட வேண்டாம்.

சோதித்துப் பார்த்தல்

கட்டளை கொடுத்து இடைமுகத்தை இறக்குவது சோதனை ஆகாது. கேபிள் அறுவதும் அதுவும் ஒன்றல்ல. கையால் பிடுங்க வேண்டும். முதலில் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடட்டும்: செக்கனுக்கு ஒருமுறை, பகிர்ந்த டிஸ்கில் தன் பெயரில் உள்ள கோப்பில் நேரத்தை எழுதுவது. பிறகு இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. 0ஆம் நோட்டின் பிரைமரிக் கேபிளைப் பிடுங்கி, ஐந்து நிமிடத்தில் திரும்பச் செருகுங்கள்.
2. முதலாம் சுவிட்சின் பவரை நிறுத்துங்கள்.
3. அதைத் திரும்பப் போட்டு, மூன்று நிமிடம் ஒன்றையும் தொடாமல் பாருங்கள்.
4. இடைக் கேபிள் இரண்டையும் பிடுங்குங்கள்.
5. ஒரு நோட்டின் இரண்டு பூட்டுக் கேபிளையும் பிடுங்குங்கள். இங்கே ஃபென்சிங் வர வேண்டும். வராவிட்டால் அமைப்பில் பிழை.
6. ஒரு நோட்டின் மின் கேபிளையே இழுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் பிறகு நேரக் கோப்பைத் திறந்து அடுத்தடுத்த வரிகளுக்கிடையே எத்தனை செக்கன் விடுபட்டது என்று எண்ணிக் குறியுங்கள். முதலாவதில் ஒன்றிரண்டு செக்கன் சரி; இரண்டாவதில் ஐஸ்கசிப் பாதை ஒன்றும் சுவிட்சோடு போவதால் அதன் ரைம்அவுட் அளவு கூடலாம். மூன்றாவதில் 30க்குக் கிட்ட வந்தால் ஏதோ ஒரு போர்ட் எட்ஜ் ஆக்கப்படவில்லை, அப்டிலேயும் வைக்கப்படவில்லை. நான்காவதில் ஒன்றும் விடுபடக் கூடாது. விடுபட்டால் எந்த நோட்டில் பிரைமரி எழுத மறந்தீர்கள் என்று பொண்ட் நிலைக் கோப்பில் பாருங்கள். இந்தக் குறிப்பை ராக் கதவின் உள்பக்கம் ஒட்டி, சுவிட்சோ கார்ட்டோ மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆறையும் திரும்பச் செய்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.